ஞாயிறு ஆறு மணிக்குள்

வெள்ளி பின்னேரம், வவுனியா பஸ் ஸ்டாண்டில்
மகளோடு ஒரு தாளும் தந்தாள்.
கொப்பித் தாள், இரண்டு பக்கமும் எழுத்து:
காலை இரண்டு இழுப்பு, இரவு இரண்டு இழுப்பு,
ஐஸ்கிறீம் இல்லை,
கடலில் முழங்காலுக்கு மேல் இல்லை,
தலை நனையக் கூடாது,
ஞாயிறு ஆறு மணிக்குள் இதே இடத்தில்.
வாசித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தேன்.
முத்திரை ஒன்றுதான் குறை.

ஹொரவப்பொத்தானை வரை வேணுஜா பேசவில்லை.
பிறகு யானை என்றாள்.
பிறகு, யானை இல்லை, பாறை என்றாள்.
பிறகு என் தோளில் உறங்கிப் போனாள்.
கை விறைத்தது. அசைக்கவில்லை.

சனிக்கிழமை கோட்டை வாசல்.
வளைவின் மேல் ஆயிரத்து அறுநூற்று எழுபத்தைந்து.
ஒருவன் பெயர்த்து இன்னொருவன் நட்ட கல்லில்
இரண்டு மீன்கள்
எந்தப் பக்கம் நீந்துவதென்று தெரியாமல்.

"இது ஆற்ற கோட்டை?"
போர்த்துக்கீசர் கட்டினது.
"பிறகு?"
ஒல்லாந்தர். பிறகு ஆங்கிலேயர்.
கொஞ்ச நாள் பிரெஞ்சுக்காரர்.
பிறகு திரும்ப ஆங்கிலேயர்... பொறு,
இடையிலை திரும்ப ஒல்லாந்தரும் வருவினம்.
"வடிவாச் சொல்லுங்கோ அப்பா,
ஆர் எத்தினை நாள் வச்சிருந்தது?"
விரலை மடக்கி எண்ணத் தொடங்கிவிட்டாள்.
கணக்கில் அவள் அம்மா மாதிரி.
"இப்ப?"
இப்ப ஆமி.
காவலரணில் நின்ற பெடியன்
ஒன்றும் விளங்காமல் அவளுக்குக் கையசைத்தான்.

உள்ளே, நிழலில், மான்கள்.
ஆளுக்குப் பயமில்லாத, பொலித்தீன் தின்று பழகிய மான்கள்.
ஒரு கொம்பு முறிந்த கிழட்டுக் கலை
படமெடுக்கக் குனிந்த என் பைக்குள் மூக்கை விட்டு
தாளை இழுத்தது.
பறித்தேன். ஒரு மூலை மட்டும் கையில் மிஞ்சியது,
'கூடாது' என்பதில் 'கூ'.
மிச்சத்தை நிதானமாக மென்றது,
ஒப்பந்தங்கள் பல தின்ற வாய் போலும்.
வேணுஜா சிரித்தாள்.
பங்குனிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை
இன்றுதான் கேட்கிறேன்.
"எனக்குப் பாடம்" என்றாள்,
ஒப்புவித்தாள் முழுவதையும்,
ஐஸ்கிறீமை மட்டும் விட்டுவிட்டு.

மேலே, கோணேசர் மலையில்,
கடலைப் பார்த்து நிற்கும் மரத்தில்
பிள்ளை கேட்டுக் கட்டிய தொட்டில்கள்.
கிளை தெரியவில்லை, தொட்டில்தான் தெரிகிறது.
பத்து வருடத்துக்கு முன் நாங்களும் ஒன்று கட்டினோம்.
"என்ர எது?"
எல்லாம் ஆடுகின்றன. எல்லாம் உப்பு வெயிலில்
ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன.
நீல நூலில் தொங்கிய ஒன்றைக் காட்டினேன்.
"அது இல்லை. அம்மா காட்டினது
அங்கால, சிவப்பு."
நாங்கள் கட்டியது சிவப்பும் இல்லை.
மழை பெய்தது, நூல் வழுக்கியது,
முடிச்சின் மேல் நான் விரலை வைத்துப் பிடிக்க
அவள் இழுத்துக் கட்டினாள்.
நிறம் எனக்கும் நினைவில்லை, அவளுக்கும் இல்லை,
இருவரும் பிள்ளைக்குத் தனித்தனியே
ஒவ்வொரு தொட்டில் காட்டியிருக்கிறோம்.
"அப்ப அதுதான்" என்றேன்.

இரவு உப்புவெளியில் அறை. மின்விசிறிக்கு ஒரே வேகம்.
இரண்டு இழுப்பு. பத்து வரை மூச்சைப் பிடித்தாள்.
அலைச் சத்தத்துக்குள் அவள் நெஞ்சின் சத்தத்தைத்
தேடிக்கொண்டு கிடந்தேன்.

ஞாயிறு, திரும்பும் வழியில் கன்னியா.
ஏழு கிணறு, ஏழு சூடு.
நான் கால் கழுவும் நேரத்துக்குள்
வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துவிட்டாள்.
வேணு, தலை!
"தாளை மான் திண்டிட்டுதே."
இன்னொரு வாளி.
என் சாரத்தால் துவட்டினேன், பஸ் ஜன்னலில் காயவைத்தேன்,
வவுனியா வரும்வரை காதின் பின்னால் ஈரம்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கினோம்.
அவள் ஆறு மணிக்கு முதலே நின்றாள்.
பையை வாங்கினாள், பிள்ளையின் கொண்டையை அவிழ்த்தாள்,
விரலை உள்ளே விட்டு, முகர்ந்தாள்.
பேச்சு விழும் என்று நிலத்தைப் பார்த்தேன்.
பருத்தித்துறை பஸ் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது.

"நாலாவது கிணறு
இப்பவும் அப்படித்தான் சுடுதோ?"

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.
ஓம் என்றோம், இரண்டு பேரும்.