ஆறு

லேனா ஒரு சாண் தடித்ததும் போய் அறுத்தோம்.
சங்கிலி ரம்பத்துக்கு அன்று நல்ல புத்தி, நடுவில் நிற்கவில்லை.
கொக்கி போட்டு இழுத்து வேலியோரம் நிறுத்தியது
ஐம்பத்தொரு பாளம்.
மே மாதம் ஆறு உடையும்வரை
குடிக்க, கஞ்சிக்கு, தேநீருக்கு
இந்த நீலம்தான்.

துயாரா அடுப்படியில் பட்டியல் எழுதுகிறாள்.
மாவு மூன்று மூட்டை.
விறைத்த மீன், விறகோடு விறகாகக் கொட்டகையில்.
குதிரைத் தொடை ஒன்று. டீசல். காய்ச்சல் மாத்திரை
(போதாது என்கிறாள். போதாதுதான்.)
தீப்பெட்டி பத்துக் கட்டு.
அதை முதல் வரியில் எழுது என்றேன்.

போன ஜனவரி, மைனஸ் ஐம்பத்து நாலு,
ஊர்க் கொதிகலன் செத்துக் கிடந்த இரண்டாம் இரவு
எங்களிடம் எல்லாம் இருந்தது.
விறகு கூரை முட்ட இருந்தது.
குச்சிதான் இல்லை.
மூன்று வருடமாய்ப் பேச்சில்லாத கவ்ரில்,
வைக்கோல் நிலத்துக்காக என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தவன்,
நாளைக்கென்று எதையும் சேர்க்கத் தெரியாத புகைவண்டி,
எங்கள் புகைபோக்கி சும்மா நிற்பதைப் பார்த்து
வாசலில் ஒரு தீப்பெட்டி வைத்துவிட்டுப் போனான்.
ஏழு குச்சி. எண்ணினேன்.
அப்போதும் பேசவில்லை.

"பனிப்பாளம்?" என்கிறாள்.
நாற்பத்தைந்து என்று போடு.
"ஐம்பத்தொன்று அம்மா. மிச்சம் ஆறு?"
உடைந்துவிட்டது.

நிமிர்ந்து சன்னல் வழியே பார்க்கிறாள்.
வேலிக்கு அந்தப் பக்கம், கவ்ரில் வாசல்வரை
சறுக்குவண்டித் தடம், புதிது.

"ஆறு உடைவது மே மாதத்தில்தானே" என்கிறாள்,
நாற்பத்தைந்து என்று எழுதிக்கொண்டே.