உலர் எடை

ஊசி ஏறும் முன் ஓர் எடை, இறங்கிய பின் ஓர் எடை.
நடுவில் போனது தண்ணீர்.

தேயிலை ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷம்
கொழுந்து வாட்டும் மாடியில் இருந்தவன் நான்.
ஈரம் போனது போதுமா என்று
ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
இங்கே தராசு மட்டும்தான்.

கோயம்புத்தூரிலிருந்து டாக்டர் யசோதரா வந்தார்
கோத்தகிரி ஆஸ்பத்திரி மேல்மாடிக்கு.
ரத்தம் ஊற ஒரு புது மருந்து,
அதைச் சோதிக்கும் திட்டம், இருபத்தாறு பக்கம்.
"கையெழுத்து வேண்டாம். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.
தப்பு எங்கே, சொல்லுங்கள்."
ஆளுக்கொரு சிவப்புப் பேனா.
ஒருவரும் மூடியைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் மாதியக்கா சிரித்துவிட்டார்.
"இருபத்துநாலு மணி நேர மூத்திரம் கேனில் பிடிக்கணுமாம்!
வந்தால் முதல் சொட்டு உங்களுக்குத்தான் டாக்டர்,
மூணு வருஷமாச்சு நான் அதைப் பார்த்து."
பழைய திட்டத்திலிருந்து அப்படியே வந்த வரி என்றார் டாக்டர்,
காது சிவந்து.
அதன்பிறகு பேனாக்கள் நிற்கவில்லை.

காலை எட்டுக்குக் கோவையில் ரத்தம் எடுப்பதா?
முதல் பஸ் ஐந்தே முக்கால். குஞ்சப்பனையில் மண் சரிந்தால்?
பறிக்காத நாளுக்கு யார் கூலி தருவது, இது பவளக்கொடி.
ஜீப் ஓட்டிய மரியசூசை கேட்டது ஒன்றுதான்:
"வெறும் மாத்திரை எனக்கு விழுந்திருந்தால்
முடிந்தபிறகாவது சொல்வீர்களா?"
அதற்கு வரி இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

மருந்து வேலை செய்ததை எப்படி அறிவீர்கள் என்றேன்.
ஹீமோகுளோபின் ஏறும் என்றார்.
எனக்கு ஏறத் தெரிந்தது நூற்றுநாற்பத்தொரு படி,
பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை.
டயாலிசிஸ் நாளில் நான்கு இடத்தில் உட்காருவேன்.
மருந்துக்குப் பிறகு எத்தனை இடம்?
அதை அளங்கள்.

"எல்லார் வீட்டுக்கும் ஒரே படி இல்லையே."
டாக்டருக்கு உண்மையாகவே சிக்கல்.
கேரட் மூட்டைக்கு விலை பேசும் குரலில் மாதியக்கா:
"இருக்கட்டும். அவரவர் படி அவரவருக்கு.
போன மாசம் எப்படி, இந்த மாசம் எப்படி?"

இரண்டாம் பிரதி ஐப்பசியில் வந்தது.
கேன் போயிருந்தது. ரத்தம் கோத்தகிரியிலேயே.
பதினோராம் பக்கத்தில் மரியசூசையின் கேள்வி,
கீழே பதில்: சொல்வோம்.
கேட்டவர் புரட்டாசியிலேயே போய்விட்டார்.
முதல் அளவு இன்னும் ஹீமோகுளோபின்தான்.
படி இரண்டாவது.

தூறல். மூன்றாவது இடத்தில் உட்கார்ந்து
பேனா மூடியைப் பல்லால் திறந்து
அந்த 'இரண்டாவது' மேல் ஒரு கோடு போட்டேன்.
மேலே இன்னும் ஐம்பத்தேழு.