ஜாங்கிரியைக் காணவில்லை

எஸ்.பி. ரோட்டில் ஏழாயிரத்துக்கு வாங்கிய மடிக்கணினி
மேடு ஏறும் தண்ணி லாரி மாதிரி இரைகிறது.
அதில் கிம்ப் இறக்கினேன், இலவசம்.
காசு கேட்காத எதையும் நான் நம்புவதில்லை.
வாயில் தூரிகை கவ்விய நரியோ நாயோ ஒன்று
முழித்துக்கொண்டு
வா என்றது.

ஜாங்கிரி போய் நாலு நாள்.
அவனுக்கென்று இருப்பது ஒரே ஒரு படம்:
கேஸ் சிலிண்டருக்கும் என் ஈரத் துண்டுக்கும் நடுவே
இடது காது கிழிந்த ஆரஞ்சு முகம்,
பாதி வால்.
போஸ்டர் போட நானூறு என்றார் ஜெராக்ஸ் கடை நாகபூஷணா.
நானே போட்டுக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.
மர்பி டவுனில் வீம்பு மட்டும்தான் மலிவு.

எது கத்தி எது பசை என்றே தெரியவில்லை.
தெரியாமல் எதையோ தொட
கருவிப்பெட்டி மொத்தமும் எங்கோ ஒளிந்துகொண்டது.
பூனையைத் தேட உட்கார்ந்தவள்
விடியும்வரை பெட்டியைத் தேடினேன்.

மறுநாள் பூனையைச் சுற்றி ஒரு கோடு இழுத்தேன்.
கோடு எறும்புச் சாரியாய் ஊர ஆரம்பித்தது.
ஜாங்கிரி என்று பேர் வைத்தால் வேறென்ன ஊரும்.
டிலீட் தட்டினேன்.
பூனை போய்விட்டது, சிலிண்டர் நிற்கிறது.
கன்ட்ரோல் இசட்.
தேர்வைத் தலைகீழாக்க ஒரு வழி இருப்பது
அரை மணி கழித்துத்தான் கண்ணில் பட்டது.
சிலிண்டர் போனது, துண்டு போனது, சுவரும் போனது.
போன இடமெல்லாம்
சாம்பலும் வெள்ளையுமாய்ச் சதுரங்கள்.
ஒன்றுமில்லாததற்கு
யாரோ டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

லேயருக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு கண்.
மூடினேன், பூனை இல்லை.
திறந்தேன், இருந்தது.
பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று
எத்தனை பேரைக் கேலி செய்திருப்பேன்.
இங்கே கண்ணை மூடினால்
பூலோகம் அப்படியே இருக்கிறது.
பூனைதான் இல்லை.
மூடித் திறந்து மூடித் திறந்து
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.
வெளியே தகரம் ஒன்று அசைந்தது.
எழுந்து போய்ப் பார்த்தேன்.
காற்று.

கை பழகியதும் ஆசை வந்தது.
பிளாஸ்திரி படம் போட்ட கருவியை எடுத்து
கண்ணோரப் பீளையைத் துடைத்தேன்,
மீசையில் ஒட்டடையைத் துடைத்தேன்,
அதே வேகத்தில் காதையும் ஒட்டிவிட்டேன்.
குறையில்லாத ஒரு காலண்டர் பூனை
என்னைப் பார்த்தது.
யார் நீ?
கன்ட்ரோல் இசட். கன்ட்ரோல் இசட்.
அந்தக் கிழிசல் திரும்பி வரும்வரை
விரல் எடுக்கவில்லை.

மேல் வீட்டு ரூபகலா எழுதித் தந்த கன்னட வரி
வெறும் கட்டம் கட்டமாய் வந்தது.
வேறு எழுத்துரு மாட்டியதும் ஒழுங்காய் உட்கார்ந்தது.
ஜாங்கிரிதான் ஒழுங்காய் இல்லை,
என் போன் நம்பருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
ஃபிளிப்.
ஒரே சொடுக்கு, நம்பரைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.
நேரில் ஒருநாளும்
இப்படிச் சொல்பேச்சு கேட்டதில்லை.

பென்டிரைவைக் குத்திப் பார்த்த நாகபூஷணா
"எக்ஸ்சிஎஃப்பா? இது என்னம்மா, காய்ச்சல் பேர் மாதிரி,
ஜேபெக்ல கொண்டா" என்றார்.
சேமிப்பது வேறாம், ஏற்றுமதி வேறாம்.
வீட்டுக்குப் போய் ஏற்றுமதி செய்து திரும்பி வந்து
நாற்பது பிரதி.
அல்சூர் மார்க்கெட் தொடங்கி கேம்பிரிட்ஜ் லேஅவுட் வரை
மைதா பசை காய்ந்த விரல்களோடு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை,
பூசை முடிந்து படி இறங்கும்போது போன்.
ஏதோ அபார்ட்மென்ட் வாட்ச்மேன்.
"ஆரஞ்சுல ஒண்ணு ஜெனரேட்டர் ரூம்ல படுத்திருக்கும்மா.
சும்மா தகவலுக்குச் சொன்னேன், உங்களது இல்ல.
உங்க பூனைக்கு வலது காது கிழிஞ்சிருக்கு.
நல்லா பாத்துட்டேன்,
இதுக்கு இடது."

குவியலில் என் செருப்பைத் தேடிக்கொண்டே கத்தினேன்:
"போஸ்டர்தான் அண்ணா தப்பு, பூனை சரி.
கதவை மட்டும்
சாத்தி வையுங்க."