சங்காயம்

நேற்று மட்டும் நூற்றுமுப்பது விரல்களை வெட்டினேன்.
எல்லாம் ஆறாவது விரல்.
இயந்திரத்துக்குத் தாராளக் கை.
வாள் பிடித்த சிறுமிக்கும் கொடுக்கிறது,
அவளுக்குத் தேநீர் ஊற்றும் பூனைக்கும்.

மண்டபத்தில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
கீழே கட்டி உடைக்கும் சத்தம்.
மேலே நான்கு பேர், நான்கு திரை.
போன வருஷம் பதினொரு பேர் இருந்தோம்.
குனிந்த பெண் நிமிர ஒன்பது படம்,
படத்துக்கு நாற்பது ரூபாய்.
இப்போது நிமிர்த்துவது இயந்திரம்,
பிசகைத் துடைப்பது நாங்கள்.
பிசகுக்கு நான்கு ரூபாய்.

இந்தக் காலாண்டில் எழுபது தொடராம்.
"பார்க்கிறவனுக்குக் கண்ணு எத்தனைடி?"
என்கிறாள் சகாயராணி.

ஏப்ரல் பதினைந்தில் விசைப்படகெல்லாம் கட்டிவிட்டார்கள்.
அறுபத்தொரு நாள்.
மீனுக்கு முட்டையிட நேரம் வேண்டுமென்று
அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது.
டோக்கியோவிலிருந்து வரும் கோப்புகளுக்குத்
தடைக்காலம் கிடையாது,
மடி கிழிய வந்து விழுகின்றன.

சகாயராணி புருஷன் ஒருமுறை கணக்குச் சொன்னார்:
நாலு கூடை இறாலுக்கு நாற்பது கூடை சங்காயம்.
விரல்நீளக் குஞ்சுகள், கால் முளைக்காத நண்டு,
அவருக்கே பேர் தெரியாத ஒன்று.
லாரியில் ஏற்றினால் கோழித்தீவனம்.
கோழி என்ன,
பேர் கேட்டா தின்கிறது?

போன மாதம் ஒரு கடற்கரைக் காட்சி.
அவள் கூந்தல் கச்சானுக்குப் பறக்கிறது,
பின்னால் படகுக்கொடி வாடைக்கு.
எங்கள் ஊரில்
வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்,
இரண்டுக்கும் நடுவில் நின்றாலும்
ஒரு நேரத்துக்கு ஒரு காற்றுதான்.
கொடியைத் திருப்பிவைத்தேன். இருபத்திரண்டு படம்,
கூலியில்லாமல், விடிய மூன்று மணிவரை.

பதில் வந்தது,
அதுவும் இயந்திரம் மொழிபெயர்த்த தமிழில்:
மதிப்பிற்குரிய திருத்துநரே, இது அவசியமற்றது.
எவரும் நிறுத்திப் பார்ப்பதில்லை.

அடுத்த கோப்பில்
விடைபெறும் ஒரு பெண்.
பெயரில்லை, பேச்சில்லை, ரயில் நகரும்வரை இருப்பாள்.
விரல்களை எண்ணினேன்.
அழிப்பானைக் கொண்டுபோய்
அப்படியே எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் வாரம் வெளியானது.
ஆறு விரலோடு
நன்றாகத்தான் கையசைத்தாள்.

வெள்ளிக்கிழமை பணம் ஏறிவிட்டது.
பிடித்தம் எதுவும் இல்லை.