கூடையில் விழுந்தவை

ஓல்ட்டனில் மூடுபனி ஒன்பது மணிக்கும் விலகாது.
நான் விடிய ஐந்துக்கே உள்ளே வந்துவிடுவேன்,
வாளியும் திறப்புக்கொத்துமாக.

முன்னைய அதிபரின் பெயர் அம்மான்.
பெயரில் மட்டும்தான் அந்த உறவு.
ஆளை நான் கண்டது நாலைந்து தரம்.
அவருடைய கடுதாசிகளைத் தினமும் கண்டேன்,
ஆசிரியர் அறைக் கூடையில்,
பாதி வாசித்துப் பந்தாக்கியபடி.
ஒன்றின் முதுகில் யாரோ கீறிய கழுதை.
எல்லாம் இலக்கமிட்ட சுற்றறிக்கைகள்;
நூற்றுப் பன்னிரண்டாவது சன்னல்களைப் பற்றியது.
அவருடைய சொந்தக் கூடையோ எப்போதும் வெறுமை.
எழுதிய ஒரு சொல்லையும் திருத்தாமல்
ஒரு மனுசன் ஏழு வருசம் இருந்திருக்கிறார்.

பிறகு லூத்தி வந்தா.
வந்த கிழமையே என் பெயரைக் கேட்டா.
குணபூசணி. மூன்று தரம் தடுக்கி
நாலாம் தரம் சரியாய்ச் சொன்னா.
சந்தோசம்தான்; அதை மட்டும் வைத்து
ஒருத்தியை நல்லவள் என்று தீர்க்க மாட்டேன்.
அவவுக்குக் கதை நீளம்.
கூட்டம் முடிந்த மேசையில்
பூக்களும் சிலந்திகளும் கீறிய தாள்கள் கிடக்கும்,
கேட்டுக் களைத்த கைகளின் வேலை.

மாசியில் ஒரு வகுப்பை மூடப்போகிறார்களாம் என்று கதை.
அத்தனை கதைக்கிறவ
மூன்று கிழமை வாய் திறக்கவில்லை.
வதந்திக்குக் கால் முளைத்தது.
கழிவறைச் சுவரில் எழுதிய ஓர் ஆசிரியையின் பெயரை
நான்தான் உரஞ்சி அழித்தேன்.

ஒரு வெள்ளி விடிய, அவவின் கூடை வழிந்தது.
வாசிக்கக் கூடாது. வாசித்தேன்.
'கன்ரோனின் முடிவுக்கமைய' என்று தொடங்கி, வெட்டு.
'நாங்கள் வருந்துகிறோம்' என்பதில்
'நாங்கள்' வெட்டி 'நான்'. பிறகு அதுவும் வெட்டு.
அடித்தாளில் ஒரே வரி:
'எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்த அன்றே சொல்வேன்.'
அதையும் கசக்கித்தான் எறிந்திருந்தா.

அன்றைக்கே ஏழரைக்கு, நான் படிக்கட்டு துடைக்க,
ஆசிரியர் அறை வாசலில்
மேலங்கியைக் கழற்றாமலே நின்று
அந்த வரியைச் சொன்னா. பத்துச் செக்கன் இருக்கும்.
ஒருவரும் கைதட்டவில்லை.
யாரோ கதிரையை இழுத்துப் போட்ட சத்தம்.

திங்கள் காலை கழுவக் கிடந்த கோப்பைகள் பதினேழு.
அம்மான் காலத்தில் ஆறைத் தாண்டாது.
அடியில் கோப்பி காய்ந்து இறுகிப்போயிருந்தது,
வெந்நீர் ஊற்றி ஊறவிட வேண்டியதாயிற்று.

வைகாசியில் வகுப்பை மூடித்தான் விட்டார்கள்.
செய்தி வந்தது பதினொரு மணிக்கு.
பதினொன்றேகாலுக்கு எல்லோருக்கும் தெரியும்,
வீட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த எனக்கும்.
மறுநாள் அவவின் கூடையில்
ஓர் அப்பிளின் நடுத்தண்டு மட்டும்.