பத்தரை மணிக் காட்சி

நைட் ஷிப்ட்டு விட்டு
ஓவர்லாக் மிஷின் இன்னும் காதுக்குள் ஓட
பல்லடம் ரோட்டுக்கு வந்தால் மணி எட்டே கால்.
ரூமுக்குப் போகலாம்தான்.
ஆனால் அது ஆறு பேர் ரூம்,
பங்குனிப் பகலில் கூரைத் தகரம்
தோசைக்கல்.
அறுபது ரூபாய்க்கு
இருட்டும் ஏசியும் சேர்ந்து கிடைக்கிற இடம்
எனக்குத் தெரிந்து திருப்பூரில் ஒன்றுதான்.
ராஜலிங்கா தியேட்டர், காலைக் காட்சி.

அதுவரை பொழுதைத் தள்ள
தெய்வாத்தாக்கா வண்டி.
நாலு இட்லி, மேலே குடல் குழம்பு.
"கண்ணு செவந்து கெடக்குதுங்களே,
இன்னொரு கரண்டி உடட்டுமாங்?"
கண்ணுக்கும் குழம்புக்கும் என்ன சம்பந்தமென்று
யாரும் கேட்டதில்லை.
தட்டை நீட்டுவோம்.

டிக்கெட் கிழிக்கிற அவிநாசியப்பன்
"படுக்கை டிக்கெட்டு வந்துருச்சு" என்பார்.
ஓரத்து வரிசை எங்களுக்கு.
பெயர் போடும்போதே நான் போய்விடுவேன்.
பிகாஷ் இடைவேளை வரை தாங்குவான்.
ஒடிசாவிலிருந்து வந்து ஒன்றரை வருஷம்;
அவன் தமிழில் பாதி சூப்பர்வைசர் கொடுத்தது,
பாதி ராஜலிங்கா கொடுத்தது.
கெட்ட வார்த்தையும் காதல் வசனமும்
ஒரே மூச்சில் வரும்.
இடைவேளைக்கு எழுகிறவன் திருமூர்த்தி, உடுமலைக்காரன்.
முட்டை பப்ஸ் வாசனைக்குத்தான் எழுகிறான் என்பது என் கணிப்பு.
மீதிப் படம் அவனுடையது.

ஒண்ணே காலுக்கு வெளியே வந்தால்
வெயில் கன்னத்தில் அறையும்.
எதிரே பேக்கரி.
மூணு டீ, ஒரு தேங்காய் பன், மூன்றாக வெட்டி.
அங்கேதான் படம் தயாராகும்.

பிகாஷ் முன் பீஸைத் தருவான்,
திருமூர்த்தி பின் பீஸை.
தோள் சேர்க்கிற வேலை என்னுடையது.
முதலில் போலீஸாக இருந்தவன்
அப்புறம் ஏன் மீன் விற்கிறான்?
"வேலைய உட்டுட்டான்" என்பேன்.
ஏன்?
"ஓ.டி. காசு தரல."
மூவரும் தலையாட்டினோம். நியாயமான காரணம்.
செத்த தங்கச்சி கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறாளே?
அது அக்கா.
தொங்குகிற நூலை அங்கேயே வெட்டிவிடுவோம்.
கடைசியில் அவன் என்ன ஆனான்?
"தாராபுரம் பஸ் ஏறிட்டான்"
என்றான் திருமூர்த்தி, பன்னைப் பார்த்தபடி.
சரி, ஊர் போய்ச் சேர்ந்திருப்பான் என்று
மடித்துப் பெட்டியில் வைத்தோம்.

இப்படி ஒரு நாப்பது படம் இருக்கும்.

போன மாசம், சம்பளத்துக்கு மறுநாள்,
ராயபுரம் பக்கம் காளான் கடையில் நிற்கிறோம்.
(காளான் கடையில் காளானைத் தேடுகிறவன்
ஊருக்குப் புதுசு.
பிகாஷ் தேடுவதை எப்போதோ நிறுத்திவிட்டான்.
முட்டைக்கோஸ் என்று தெரிந்தே
இன்னொரு தட்டு, வெங்காயம் தூக்கலாக.)
மசாலா டப்பா மேல் சாய்த்திருந்த
கடைக்காரரின் போனில்
அந்த மீன்காரன்.

மூன்று தட்டும் ஆறிப்போயின.

அவன் வேலையை விடவே இல்லை,
மீன் கூடை மாறுவேஷம்.
அக்கா, தங்கச்சியேதான்; சாகவில்லை.
அதெல்லாம் போகட்டும்.
பஸ் ஸ்டாண்டு வந்தது. தாராபுரம் பஸ் இல்லை,
வேறேதோ ஊர்ப் பஸ்.
படியில் கால் வைக்கும்போது
முதுகில் சுட்டுவிட்டார்கள்.
மீன்காரன் விழுந்தான். பஸ் போனது.

திருமூர்த்தியைப் பார்த்தேன்.
"அன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் டபுள் ஷிப்ட்டு" என்றான்.
"எதுக்குச் சொல்லோணும்னு உட்டுட்டேன்."

"இது ரிஜெக்ட்" என்றான் பிகாஷ், போனைக் காட்டி.
"நம்ம பீஸ் ஓகே."
கடைக்காரர் என்ன ரிஜெக்ட் என்று கேட்டார்,
காளானையா என்று கொஞ்சம் கோபமாக.
இல்லைங்க, இல்லைங்க என்று
இன்னொரு தட்டு வாங்க வேண்டியதாயிற்று.

ரூமுக்கு நடக்கையில்
பிகாஷுக்குத்தான் அது தோன்றியது.
"அப்போ, மத்த படத்துல எத்தன பேரு?"

திருமூர்த்தி
முன்னால் போய்க்கொண்டிருந்தான்,
கொஞ்சம் வேகமாக.