எரிக்காத குவியல்

அக்டோபர் ஒன்பது. காற்று அசையவில்லை.
தீ மூட்ட இதைவிட நல்ல நாள்
எஸ்தோனியாவின் இந்தத் தென்மூலையில்
இனி வாய்க்காது என்று கிளம்பினேன்.
கவாத்து செய்த ஆப்பிள் கிளைகள்,
புயல் முறித்த பிர்ச்,
கருகல் கண்ட உருளைக்கிழங்குக் கொடி,
படி போன ஏணியில் பாதி —
மார்ச்சிலிருந்து சேர்ந்து
என் தோள் மட்டத்துக்கு நிற்கிறது குவியல்.

தீக்குச்சி உரசப் போன கையை
வைகே பிடித்தாள்.
"உள்ளே யாரோ இருமுகிறார்கள்."

முள்ளெலி இருமும் என்பதை
அறுபத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.
ஈரத்தில் குப்புறப் படுத்துக் காது கொடுத்தால்
மட்கும் இலை வாசம்; ஒரு சரசரப்பு;
அப்புறம், பொய் சொல்லவில்லை,
சுருட்டுப் பிடிக்கிற குமாஸ்தா
கோப்பு புரட்டும்போது இருமுவாரே, அந்த இருமல்.

"கவைக்கோலால் அள்ளி
வேலியோரம் போட்டுவிடலாமே" என்றேன்.
"குளிர் வாசலில் நிற்கும்போது
வீடு மாறச் சொன்னால் நீ மாறுவாயா?"
தார்த்து நகரத்தில், மூன்றாம் மாடியில்,
மகள் பார்த்து வைத்திருக்கும் குடியிருப்பைப் பற்றி
அவள் பேசவில்லை.
நானும் அதற்குப் பதில் சொல்லவில்லை.
தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வேலைக்கா பஞ்சம்?
கிணற்று பம்ப்பில் தண்ணீரை வடித்தேன்.
அன்டோனோவ்கா பழம் பதினோரு கூடை;
எந்தல் வீட்டுப் பிழிபொறிக்குக் கொண்டுபோய்ச்
சாறாக்கி வருவதற்குள்
கடைசிக் குளவிகளுக்கு ஒரு பங்கு.
பீட்ரூட்டை நிலவறை மணலில் புதைத்தேன்.
இளமரங்களின் அடித்தண்டில் சாக்கு சுற்றினேன், முயலுக்காக.
மேல்கிளையில் ஆட்டுக்கொழுப்பு தடவினேன், மூஸ் மானுக்காக.
மண்ணுக்குள்ளே வருகிறவனை என்ன செய்ய?
நீரெலி வளைதோறும் மீன்தலை வைத்தேன், நாற்றத்துக்கு ஓடட்டும் என்று.
எந்தல் எட்டிப் பார்த்தான்: "விருந்தா?"
சாம்பல் கொக்குகள் போன நாளைப்
பால்பண்ணை நாட்காட்டியில் குறித்தேன்.
'குவியல் எரிக்க' என்றிருந்ததை அடித்து
ஏப்ரல் தாளில் எழுதினேன்.

பனி விழுந்தது. குவியல் குன்றாயிற்று.
சனிதோறும் சவுனா முடிந்து
உடம்பில் ஆவி பறக்க அதைக் கடக்கையில்
குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.
யார் சொல்லியும் அல்ல.
"பாதைப் பனியை யாரப்பா அள்ளுகிறார்கள்?" —
தொலைபேசியில் ஏலோ.
"எந்தலின் டிராக்டர்" என்றேன்.
எந்தலின் டிராக்டர் டிசம்பரிலேயே படுத்துவிட்டது.
மைனஸ் இருபத்தாறு, ஓர் இரவு:
பழைய கம்பளியோடு வைகே எழுந்து போனாள்.
"அதற்கா?"
"குழாய்க்கு."
காலையில் பார்த்தேன், குழாய் வெறுமனே நின்றது.

ஏப்ரல். பிர்ச் சாறு வாளியில் சொட்டும் நேரம்
கொட்டகை விறகடுக்கின் அடியிலிருந்து
முகமெல்லாம் மரத்தூளாக வந்தது முள்ளெலி.
குளிர்காலம் முழுக்க அங்கேதான் தூக்கம்.
நாங்கள் காவல் இருந்த குவியலில்
யாருமே இல்லை.
வைகே அடக்கமாட்டாமல் சிரித்ததில்
கால்பட்டு வாளி கவிழ்ந்தது;
அரைநாள் சாறு மண்ணுக்கு.

இனி என்ன தடை என்று
மாதக் கடைசியில் தீப்பெட்டியோடு போனேன்.
கட்டைவிரல் அளவு ரென் குருவி
வாலை நிமிர்த்திக்கொண்டு
உள்ளிருந்தே திட்டியது.
திட்டி முடித்ததும் பாசி பொறுக்கப் பறந்தது.

மே மாதம்.
ஏழு வயது அன்டோனோவ்கா ஒன்று
ஏனோ துளிர்க்கவில்லையே என்று தண்டைத் தொட்டேன்.
கையோடு வந்துவிட்டது.
வேர் இருந்த இடத்தில்
பென்சில் சீவினாற்போல் ஒரு முனை.
மீன்தலைகளும் மிச்சமில்லை.
எவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேனோ,
வைகே சமையலறை ஜன்னலைத் திறந்து,
ஒன்றும் கேட்காமல் மூடினாள்.

குருவி இருக்கும் பக்கம் ஆடாமல்
மெதுவாக மரத்தைத் தூக்கிக்
குவியல் மேல் வைத்தேன்.
இப்போது என் தலைக்கு மேலே நிற்கிறது.